சாமி சொல்லாத வாக்கு

காசிமாயன் மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறும்போதே வெயில் ஏறிவிட்டது. கருப்பசாமி கோயில் பூசாரி அவர். இந்நேரம் ஊரில் பொங்கல் பானைகளோடு பெண்கள் ஊருணியில் இறங்கியிருப்பார்கள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் அது. முந்தின மாதம் மதுரைக் கல்லூரி ஒன்றில் பூசாரி, இமாம், பாதிரியார் என்று இருபது பேரைக் கூட்டி, மண்ணும் தண்ணீரும் எப்படிக் கெடுகின்றன என்று நான்கு நாள் பயிற்சி கொடுத்தார்கள். "நாங்க சொன்னா யாரு கேக்குறா? நீங்க சொன்னா ஊரே கேக்கும்" என்றார் வேதியியல் பேராசிரியை ஷரீபா. அதனால்தான் ஊருணியில் மீன் செத்து மிதந்ததும், ஒரு பாட்டில் தண்ணீரைக் காசிமாயன் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். இன்று காலை நேரில் போய்க் கேட்டபோதுதான் ஷரீபா முடிவைச் சொன்னார்.

"பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்து, பூசாரி ஐயா. காய்ச்சினாலும் போகாது. யாரும் வாயில வைக்கக் கூடாது."

பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினார். கோயில் வாசலில் முப்பது பானைகள் நீரோடு வரிசையாக நின்றன. முதல் அடுப்பைப் பூசாரிதான் பற்றவைக்க வேண்டும்.

"அடுப்பைப் பத்தவைக்காதீக! தண்ணியில விஷம் கலந்திருக்கு!"

கொட்டுச் சத்தம் நின்றது. ஊர்ப் பெரியவர் விருமாண்டி முன்னால் வந்தார். அவருக்குப் பத்து ஏக்கர் பருத்தி.

"இது கருப்பன் சொல்ற வாக்கா, நீ சொல்றியா?"

காசிமாயன் சன்னதியில் சாத்தியிருந்த சாமி அரிவாளைப் பார்த்தார். அதைத் தூக்கி ஒரு துள்ளு துள்ளி, 'கருப்பன் சொல்றேன்டா' என்றால் போதும், முப்பது பானையும் கவிழ்ந்துவிடும். உடம்பு நடுங்கத்தான் செய்தது. ஆனால் சாமி இறங்கும் நடுக்கம் வேறு. இது பயம். அந்த வித்தியாசம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"சாமி இறங்கலண்ணே. சோதிச்சுப் பாத்தவுக சொன்னதை நான் சொல்றேன். ஒங்க மருந்து டின்னை ஊருணியிலதான் கழுவுறாக. என் கண்ணால பாத்தேன்."

"மனுசப் பேச்சுக்குச் சாமி அடுப்பை நிறுத்துறதா?" விருமாண்டி கொள்ளியை எடுத்தார். குறுக்கே நின்ற காசிமாயனை ஒரே தள்ளாகத் தள்ளினார்.

முதல் பானை முத்துத்தாயுடையது. அவள் விழுந்து கிடந்தவரிடம் குனிந்தாள். "முந்தாநாளு என் கன்னுக்குட்டி செத்துச்சே, இந்தத் தண்ணியாலயா?"

"நிச்சயமாத் தெரியல ஆத்தா. அப்படித்தான் இருக்கும்னு நெனைக்கிறேன்."

முத்துத்தாய் நிமிர்ந்தாள். "பொய் சொல்றவரா இருந்தா, கருப்பன்தான் சொல்றான்னு முதல்லயே சொல்லியிருப்பாரே." பானையைக் காலால் தள்ளினாள்.

அடுத்தவள் கவிழ்த்தாள். அதற்கடுத்தவள். விருமாண்டி திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் மனைவி செல்லத்தாயும் தன் பானையைச் சாய்த்துவிட்டாள்.

ஒன்றரை மைல் தள்ளி ஒரு பம்புசெட்டிலிருந்து தண்ணீர் வந்து, உச்சிப் பொழுது சாய்ந்த பிறகு பொங்கல் பொங்கியது. விருமாண்டி காசிமாயனிடம் வந்தார். கையை நீட்டினார்.

"அரிவாளைக் குடு. இனிமே வேற பூசாரி பாத்துக்கிறோம்."

இருபது வருஷம் பிடித்த அரிவாள். காசிமாயன் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றி, இரண்டு கையாலும் கொடுத்தார். பிரசாதத்துக்கு நிற்காமல் கரைக்குப் போய், ஊருணிப் படியை அடைக்கக் கருவேல முள்ளை இழுத்துப் போடத் தொடங்கினார். சற்று நேரத்தில் மறுமுனையைப் பிடித்து இழுக்க முத்துத்தாய் வந்தாள்.