குழிவாடியில் ஒரு கீறல்

1

இந்தக் கதை எனக்கு மாத்தளை நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கிடைத்தது. என் கண்ணாடியின் காதுக் கம்பி உடைந்திருந்தது. அதைக் கொடுத்துவிட்டு நின்றபோது, அங்கே வேலை செய்யும் நிரோஜா அக்கா, கையிலிருந்த வேலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கீறிட்டேன் ரமணா" என்றார்.

அதன் பொருள் எனக்கு உடனே விளங்கியது. உங்களுக்கு விளங்காது. விளங்கவைத்துவிட்டால் கதை பாதி முடிந்த மாதிரி. நான் அதைச் செய்துவிடுவேன், கவலைப்படாதீர்கள். ஆனால் எங்கே தொடங்குவது?

பனி விழுந்துகொண்டிருந்த அந்த மாலையில், நிரோஜா தன் மேலங்கியை இறுக்கிக்கொண்டு—

இல்லை. மாத்தளையில் யாருக்கும் மேலங்கி கிடையாது. நான் மொழிபெயர்ப்பு நாவல்களில் வளர்ந்தவன். கண்ணை மூடினால் ஏதோ ஒரு வடதேசத்தில் குதிரைவண்டி போய்க்கொண்டிருக்கும். அந்த வண்டியை இப்போதே நிறுத்திவிடுகிறேன்.

தனக்கு என்ன நேரப்போகிறது என்று அறியாத அந்தப் பெண்—

இதுவும் இல்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதுதான் சிக்கலே.

2

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். அப்துல் ஸமத் நானா (நானா என்றால் அண்ணன்) சீகிரியாவில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். ஓய்வு நேரத்தில் தீக்குச்சிகளை ஒட்டிக் கப்பல் கட்டுகிறார், கடலே இல்லாத மாவட்டத்தில். இரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்ட ஆபீசில் கிளார்க்காக இருப்பவர் பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளில் கிட்டார் செய்கிறார். நான் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கறுவாப்பட்டையை முகரக் கொடுத்துக் கதை சொல்கிறவன். வீட்டுக்கு வந்து யாரும் கேட்காத கதைகளை எழுதுகிறவன். நிரோஜா அக்கா பகலில் மற்றவர்களின் கண்ணாடிகளைப் பொருத்திக் கொடுக்கிறார். மாலையில் டெலஸ்கோப் செய்கிறார்.

போயா தினங்களில் ஒரு தையற்கடையின் மாடியில் கூடுவோம்.*

* எல்லோரும் லீவு எடுக்கக்கூடிய நாள் அது ஒன்றுதான். சீகிரியாவில் அன்றைக்குத்தான் சவாரி அதிகம் என்று ஸமத் நானா புலம்பிக்கொண்டே வருவார். ஆனால் போயா என்றால் முழுநிலா. நட்சத்திரம் பார்க்க மாதத்திலேயே உதவாத நாள். டெலஸ்கோப் செய்யும் ஒருவர் இருக்கும் சங்கம் இப்படியொரு நாளைப் பிடித்து வைத்திருக்கிறதே என்று நிரோஜா அக்கா சொன்னதும், "அப்ப நிலாவையே பாப்போம் புள்ள, அதுவும் ஒசரத்துலதான் ஈக்கி" என்றார் நானா. அதோடு பிரச்சினை தீர்ந்ததாகக் கருதப்பட்டது.

3

(கொஞ்சம் தொழில் விளக்கம். தாண்டிப் போகாதீர்கள், கதையின் முழுப் பாரமும் இதன்மேல்தான் நிற்கிறது.)

டெலஸ்கோப்பின் உயிர் அதன் அடியில் இருக்கும் குழிவாடி. சோற்றுத் தட்டின் அளவில் ஒரு தடித்த கண்ணாடி வட்டம். நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவு குழிவு. சீகிரியாவில் ஒரு ஹோட்டல் மேசையின் கண்ணாடி உடைந்தபோது ஸமத் நானா அந்தத் துண்டைக் கேட்டு வாங்கி, பின் சீட்டில் பயணி மாதிரி உட்காரவைத்துக் கொண்டுவந்தார். அதை ஒரே அளவில் இரண்டு வட்டமாக வெட்டிக்கொண்டார் நிரோஜா அக்கா.

பிறகு தேய்ப்பது. மணல் நிரப்பிய பீப்பாயின்மேல் ஒரு வட்டம், அதன்மேல் மற்றொன்று, இடையில் தண்ணீரும் கரகரப்பான பொடியும். முன்னே தள்ளு, பின்னே இழு, பீப்பாயைச் சுற்றி ஓரடி நகர், மறுபடி தள்ளு. மேலே உள்ளது குழிந்துகொண்டே போகும். பொடி மாறிக்கொண்டே போகும்: முதலில் மணல் போல, பிறகு மா போல, கடைசியில் மெருகேற்றும் சிவப்புத் தூள். ஒவ்வொரு முறை பொடி மாற்றும்போதும் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். வாளி, பீப்பாய், நகக்கண், தலைமுடி, உடுப்பு. பழைய பொடியில் ஒரு மணி ஒட்டிக்கொண்டு வந்தாலும் போதும், அத்தனை மாத வேலையின்மேலும் கோடு கிழித்துவிடும்.

வேலை முடிந்து வந்து, மாதக்கணக்கில், நிரோஜா அக்கா அந்தப் பீப்பாயைச் சுற்றி நடந்தார். பக்கத்து வீட்டில் அவர் ஏதோ நேர்த்திக்கடன் தீர்ப்பதாக நினைத்தார்களாம்.

4

மெருகு முடிந்தது. கண்ணாடியைக் கழுவி, ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார். மாசில்லை. அப்போது அவர் கை ஒரு காரியம் செய்தது.

கடையில் ஒரு கண்ணாடியைக் கொடுக்கும் முன் அவர் அதை வெளிச்சத்தில் பிடிப்பார். ஷாலின் நுனியால் வட்டமாக ஒரு துடை துடைப்பார். பிறகுதான் உங்கள் காதில் மாட்டுவார். வருஷக்கணக்காகச் செய்து கையே கற்றுக்கொண்ட வேலை. அன்றும் கை நினைவைக் கேட்கவில்லை. ஷாலின் நுனியை எடுத்தது. துடைத்தது.

அந்த ஷாலைத்தான் முதல் பொடி தேய்த்த காலத்தில் இடுப்பில் கட்டியிருந்தார். எத்தனையோ தடவை துவைத்த ஷால். தையல் மடிப்புக்குள் ஒரு மணி உட்கார்ந்திருந்தது.

நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு கோடு. முடியளவு.

[இந்த இடத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். உலகம் நின்றது, காற்று நின்றது, தூரத்தில் கோயில் மணி. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். முடியளவு என்று சொன்னால் போதும்.]

5

இனி என் கதாபாத்திரத்தைப் பற்றிய சந்தேகம். கீறல் விழுந்த மாலை அவர் இருட்டும்வரை பீப்பாயருகே அழுதார் என்று எழுதி, கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாடிக்கையாளர் யாருமில்லை. கவுண்டரில் முழங்கையை ஊன்றி வாசித்தார்.

"என்னைய ஏன் இப்பிடி அழவச்சிருக்க?"

"கதையில அப்பிடித்தான் வரும் அக்கா."

"எந்த நாட்டுக் கதைல? நான் அன்னைக்கு அழல. பசிச்சிச்சு. கொத்து ரொட்டி வாங்கித் தின்னேன்."

கொத்து ரொட்டியை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது. நான் வாசித்த எந்த நாவலிலும் கனவு உடைந்த பெண் கொத்து ரொட்டி தின்றதில்லை. ஆனால் அன்றிலிருந்துதான் நான் எழுதிய நிரோஜாவுக்கு எடை வந்தது என்பதை இப்போது தயக்கமில்லாமல் சொல்வேன்.

6

சிக்கல் இதுதான். தேய்த்த கண்ணாடி தானாகப் பிரதிபலிக்காது. அதன்மேல் அலுமினியப் பூச்சு ஏற்ற வேண்டும். அவருக்குத் தெரிந்தவரை அதைச் செய்யும் பட்டறை சென்னையில்தான் இருக்கிறது. கடை முதலாளி ஜவாஹிர், ஃபிரேம் வாங்க வருஷத்துக்கு ஒரு முறை சென்னை போகிறவர். இந்தத் தடவை கண்ணாடியையும் கொண்டுபோய்ப் பூச்சேற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வேன்.

கீறலோடு அனுப்பலாம். ஒற்றைக் கோட்டால் நட்சத்திரத்துக்கு ஒன்றும் குறையாது. அது விஞ்ஞானம், நானும் படித்துப் பார்த்தேன். அல்லது மறுபடி பொடியிலிருந்து தொடங்கிக் கோட்டைத் தேய்த்தெடுத்து, அடுத்த வருஷம் அனுப்பலாம்.

இதை நான் இவ்வளவு தெளிவாக எடுத்துச் சொன்னபோது நிரோஜா அக்கா சிரிக்கவில்லை.

"கடையில நான் குடுக்கிறதெல்லாம் வேற யாரோ செஞ்சது. இது ஒண்ணுதான் நான் செஞ்சது. பாக்கிறவங்களுக்கு சனிக்கிரகம் தெரியும், எனக்குக் கோடு தெரியும்."

"அப்ப திரும்பத் தேய்ங்க."

"தேய்ச்சு அடுத்த வருஷம்னா நான் விட்டுருவேன் ரமணா. என்னைய எனக்குத் தெரியும். பீப்பாய்ல துணி காயப்போட்டுருவாங்க."

என் மேசைக்குள் பாதியில் நின்ற நாவல் ஒன்று கிடக்கிறது. அதன்மேல் நானும் எதையோ காயப்போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

7

முடிவுகள்.

அ. அனுப்புகிறார். பூச்சேறி வருகிறது. போயா இரவில் மாடியில் எல்லோரும் நிலாவைப் பார்க்கிறோம். கோடு யாருக்கும் தெரியவில்லை. அவர் முகத்தில் ஒரு புன்னகை மலர— (இந்தப் புன்னகையை நான் எத்தனையோ புத்தகங்களில் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.)

ஆ. கண்ணாடியைத் தரையில் அடித்து உடைக்கிறார். வடதேச முடிவு. இதைச் சொன்னதும், "இம்புட்டு நாள் தேச்சவ எவளாவது ஒடைப்பாளா? ஒனக்குக் கிறுக்கு" என்றார் அக்கா. நீக்கம்.

இ. என் தோட்டத்துக்கு வந்த வெள்ளைக்கார வானியல் பேராசிரியர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, இந்தக் கீறல் ஒரு பொருட்டே—

மன்னியுங்கள். நாங்கள் செய்தது நல்லது என்று சொல்ல இவ்வளவு தூரம் விமானம் ஏறி ஒருவர் வர வேண்டியதில்லை.

8

வெள்ளிக்கிழமை நானும் கடையில் இருந்தேன். ஜவாஹிர் முதலாளி தொழுதுவிட்டு வந்து பையை எடுத்தார். வேன் வெளியே இயங்கிக்கொண்டே நின்றது. கண்ணாடியைப் பஞ்சு வைத்து ஒரு பிஸ்கட் டின்னில் அடைத்து, கவுண்டர்மேல் வைத்திருந்தார் நிரோஜா அக்கா. கை மூடியின்மேல் இருந்தது.

"அந்தக் கோடு ஒங்கட கண்ணுக்கு மட்டுந்தான் புள்ள தெரியுது" என்றார் முதலாளி. "எனக்கு எதெண்டாலும் ஒண்டுதான். தாறீங்களா, இல்லயா?"

அக்கா என்னைப் பார்த்தார். "எழுதிட்டியா?"

"மூணு முடிவு இருக்கு."

"மூணுலயும் நான் இல்ல" என்றார். பிறகு டின்னைத் தள்ளினார்.

எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டு நின்றவன் நான். எழுதமாட்டேன். முதலாளி பக்கம் தள்ளினார் என்று எழுதினால், குறையோடு வாழக் கற்றுக்கொண்டவர் என்று உங்களில் பாதிப் பேர் மெச்சுவீர்கள். தன் பக்கம் தள்ளிக்கொண்டார் என்றால், குறையை ஏற்காதவர் என்று மற்றப் பாதி. அவர் உங்களுக்கோ எனக்கோ பாடமாக இருப்பதற்காக அத்தனை மாலைகள் பீப்பாயைச் சுற்றி நடக்கவில்லை.

ஆனால் உங்களைச் சும்மா விடுவதாகவும் இல்லை. வேலை முடிந்து வந்து நீங்களும் எதையோ செய்கிறீர்கள். எல்லோரும் செய்கிறோம். அதன் கோடு எங்கே ஓடுகிறது என்பதும் உங்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே கவுண்டருக்கு இந்தப் பக்கம் வாருங்கள். வேன் நிற்கிறது. டின் கனமில்லை, ஒரு கிலோ வந்தால் பெரிய விஷயம். மூடியின்மேல் கையை வையுங்கள்.

தள்ளுங்கள்.