ஒரு வீட்டுக்கு ஒரே லைன்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. மருந்துக் கிடங்கின் ஸ்டோர் கீப்பர் தன் வீட்டுக் கூடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே புத்தம்புதிய பிராட்பேண்ட் பெட்டி நான்கு பச்சை விளக்குகளோடு மினுக்கிக்கொண்டிருந்தது. அவர் முகத்திலும் ஏறக்குறைய அதே வெளிச்சம்.

"இனிமே நான் நெட்டுல இருந்தாலும் நீ தாராளமா போன் பேசலாம். ஒரே லைன், ரெண்டு வேலை. எப்படி?" என்றார் மனைவியிடம்.

"நல்லதாப் போச்சு. இத்தனை நாளா நீங்க அதைத் திறந்தாலே போன் செத்துப்போயிடும்," என்றாள் அவள், துணி மடித்தபடியே.

அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் இருபது வருஷமாகக் காலாவதித் தேதிகளோடு மல்லுக்கட்டிப் பழகிய மனிதர். ஒரு மாத்திரை அட்டை வீணானாலும் அன்று அவருக்குச் சோறு இறங்காது. உள்ளறைப் பழைய கணினியில் தொலைபேசி வழியாக எண் சுழற்றி நெட்டுக்குப் போக வாங்கியிருந்த டயல்-அப் நேரத்தில் இன்னும் இருபத்தேழு மணி நேரம் மீதி இருந்தது. செவ்வாய்க்கிழமையோடு அது காலாவதி. விடுவாரா? அந்தக் கணினியையும் முடுக்கி, டயல் செய்து, சதுரங்க ஆட்டத் தொகுப்புகளை இறக்கப் போட்டுவிட்டார். புதிய பெட்டி வந்த பிறகு எந்த இணைப்பும் தொலைபேசிக்கு இடைஞ்சல் இல்லை என்பது அவர் நினைப்பு. வழிவிடுவது பிராட்பேண்ட் மட்டும்தான், டயல்-அப் பழையபடியே லைனை முழுசாகப் பிடித்துக்கொள்ளும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. தெரிந்ததைச் சொல்வதில் இருந்த ஆர்வம் தெரியாததைக் கேட்பதில் அவருக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

மூன்று மணி ஆனதும் மனைவியின் கண் தொலைபேசிப் பக்கமே போய்ப் போய் வந்தது. ஸ்டோர் கீப்பரின் தங்கை கூப்பிடும் நேரம் அது. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். புகுந்த வீட்டில் தொலைபேசிக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். சாவி மாமியார் இடுப்பில். ஞாயிறு மதியம் மாமியார் கண்ணயரும் அரை மணி நேரத்தில் எதிர்ச்சாரி ஜெராக்ஸ் கடைக்கு ஓடிவந்துதான் பேசுவாள். "அடுத்த வாரம் ஒண்ணு கேக்கணும் அண்ணி, அண்ணனையும் பக்கத்துல இருக்கச் சொல்லுங்க" என்று போன வாரம் சொல்லியிருந்தாள். அன்று முதல் அண்ணி நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மூன்றரைக்கு அவளால் பொறுக்க முடியவில்லை. ரிசீவரை எடுத்தாள். காதைக் கிழிக்கிற இரைச்சல்.

"ஏய், எடுக்காதே! கட்டாயிடும்!" உள்ளேயிருந்து ஓடிவந்தார் ஸ்டோர் கீப்பர்.

"லைன் உங்க பழைய கம்ப்யூட்டர்கிட்டதாங்க இருக்கு. பாவம், அவ அடிச்சு அடிச்சுப் பாத்திருப்பா."

அவர் ரிசீவரை வாங்கிக் கேட்டார். முகம் சுருங்கியது. ஆனாலும் தப்பை உடனே ஒப்புக்கொண்டால் அவர் அவராக இருக்க முடியுமா?

"சரி, அடுத்த வாரம் பேசிக்கட்டும். புதுசா என்ன சொல்லப் போறா? மாப்பிள்ளை கத்தினாரு, மாமியார் முறைச்சாங்க. எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான். அனுசரிச்சுப் போகச் சொல்லு."

"நீங்க அவகிட்ட கடைசியா எப்போ அஞ்சு நிமிஷம் பேசினீங்க?"

மனைவி விறுவிறுவென்று உள்ளே போய்ப் பழைய கணினியின் தொலைபேசி ஒயரைப் பிடுங்கினாள். ஐந்து நிமிஷத்தில் மணி அடித்தது. அவரே எடுத்தார்.

"ஜெராக்ஸ் கடையிலேருந்து பேசறேங்க. அந்தப் பொண்ணோட அண்ணனா நீங்க?" கோபத்தை அடக்கிப் பேசும் ஒரு பெண்குரல். "உங்க நம்பரைப் பதினோரு தடவை அடிச்சுது. பிஸின்னே வந்துது. மணிக்கட்டு வீங்கிக் கெடக்கு. கேட்டா கதவுல நசுங்கிடுச்சுங்குது. நம்பறதுக்கு நான் என்ன பச்சக் குழந்தையா? 'என்கூடப் பேச வேண்டாம்னு ரிசீவரை எடுத்துக் கீழ வச்சுட்டாங்க போல'ன்னு சொல்லிட்டு அது பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடுச்சு. எனக்கு மனசு கேக்கல, அதான் கூப்பிட்டேன்."

ஸ்டோர் கீப்பர் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். சின்ன வயதில் தங்கைக்குக் கால் சுளுக்கினால் முதுகில் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். கல்யாணத்தோடு தன் பொறுப்பு தீர்ந்தது என்று எப்போது நினைக்க ஆரம்பித்தார் என்பது அவருக்கே தெரியவில்லை. கண்கள் கலங்கின.

"கிளம்பு, ஆட்டோ பிடிச்சுப் போயிடலாம்," என்றார் மனைவியிடம். அவள் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்தது தங்கையின் மாமியார். மாப்பிள்ளை வெளியே போயிருந்தார். பின்னால், ஈரத் துண்டு சுற்றிய மணிக்கட்டோடு தங்கை நின்றாள்.

"ஏண்ணா இவ்வளவு தூரம்? போன்லதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சுக்கிட்டேன்," என்றாள்.

அந்த நிலையிலும் அவரை விட்டுக்கொடுக்கவில்லை அவள். வீங்கிய கையைவிட அதுதான் அவரை அதிகம் வதைத்தது.

"கோளாறு போன்ல இல்லம்மா, என்கிட்ட. லைன் இன்னிக்கு மட்டுந்தான் பிஸி. நான் மூணு வருஷமா பிஸியா இருந்துட்டேன். என்னமோ கேக்கணும்னியாமே, கேளு."

அவள் மாமியாரைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நாலு நாள் அங்க வந்து இருக்கட்டுமாண்ணா?"

இதைக் கேட்கவா பதினோரு முறை! "உன் வீட்டுக்கு வர நீ கேக்கணுமாடா?" என்றார் அவர். அண்ணி அவளை அணைத்துக்கொண்டு துணிமணி எடுக்க உள்ளே அழைத்துப் போனாள்.

மாமியார் குரலைச் சற்று உயர்த்தினார். "நாலு நாள்னா நாலே நாள்தான் தம்பி. கொண்டுவந்து விட்டுடணும். பொண்ணாப் பொறந்தவ அனுசரிச்சுத்தான் போகணும்."

ஒரு மணி நேரம் முன்னால் தான் சொன்ன அதே சொல்லை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எவ்வளவு கொடுமையான சொல் என்று ஸ்டோர் கீப்பருக்கு உறைத்தது. அவர் குரலை உயர்த்தவில்லை.

"நானும் அப்படிச் சொன்னவன்தாம்மா. தப்பு. கட்டிக்கொடுத்தாச்சுன்னா கைகழுவியாச்சுன்னு அர்த்தமில்ல. அடி வாங்கறவளைப் பாத்து அனுசரிச்சுப் போன்னு சொல்றவன், அடிக்கிறவனுக்குத்தான் துணை போறான். இனிமே அந்தத் துணை என்கிட்ட கிடையாது. திரும்பி வரணுமா, வேண்டாமான்னு அவ சொல்லுவா. அவ எதைச் சொன்னாலும் கேக்கறதுக்கு நான் இருக்கேன்."