ஸ்ரீமுஷ்ணத்தில் இறங்கவில்லை

இளமதி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. என் கணவரின் தம்பி கொளஞ்சிநாதனின் மனைவி. ஊர் வேப்பூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மங்களூர். 1993 ஐப்பசியில் ஒரு காலை, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"அக்கா, நான் எங்க வூட்டுக்குப் போறேன்னு அத்தைகிட்ட நீங்களே சொல்லிடுங்களேன்."

"எத்தன நாளைக்கு?"

"அது தெரியலக்கா."

என்ன சண்டை என்று கேட்டேன்.

"சண்ட போட்டாத்தான் தேவலையே. அவரு கொரலு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. மூணு மாசமா மூச்சுக் காத்துலதான் பேசறாரு."

எங்கள் வீடு ஒரு கூடம், ஓர் அறை. இரண்டுக்கும் நடுவில் கதவு கிடையாது, பழைய புடவையில் தைத்த திரைதான். கூடத்தில் மாமியாரும் நானும் படுப்போம். அத்தை இருமினால் உள்ளே பேச்சு நின்றுவிடும். எனக்கு அது புதிதல்ல. அதே அறையில் இரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவள் நான். என் கணவர் ராஜமாணிக்கம் 1990இல் இறந்தார். பீங்கான் பியூஸ் கட்டை ஏற்றிக்கொண்டு போன லாரி வேப்பூரைத் தாண்டிக் கவிழ்ந்தது. சரக்கின் மேல் உட்கார்ந்து போனவர் அவர்.

அதற்குப் பிறகுதான் நான் செராமிக் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். காய்ந்த கோப்பைகளின் விளிம்பை ஈரப் பஞ்சால் துடைத்து மட்டம் செய்யும் வேலை. கொளஞ்சிநாதனும் அதே பட்டறைதான், அச்சில் களிமண் கூழ் ஊற்றுவான். அன்று டீ குடிக்க விட்டபோது அவனிடம் சொன்னேன்.

"ஒம்பொண்டாட்டி பொறந்த வூட்டுக்குக் கெளம்பறா."

"நான் ஒண்ணுமே சொல்லலியே அண்ணி!"

"அதான் கொறை."

விரலில் ஒட்டிய களிமண்ணைச் சுரண்டினான். "ரெண்டு நாளு எங்கியாவது கூட்டிக்கிட்டுப் போவட்டுமா? ஊட்டிக்கு எவ்ளோ ஆவும்?"

"கையில எவ்ளோ இருக்குது?"

"முந்நூறு."

"ஊட்டி வரைக்கும் போவலாம். திரும்பி நடந்து வரணும்."

"அப்ப கடலூரு?"

"கடலூருல ஒங்க சித்தப்பா வூடு இருக்குது. அவங்க விடுவாங்களா? அங்கயும் கூடத்துலதான் பாயி போடுவாங்க."

அவன் சிரித்தான். எனக்கு ஓர் இடம் தெரியும். ஐந்து வருடமாக யாரிடமும் அதன் பேரைச் சொன்னதில்லை. என் கணவரோடு நான் தனியாக இருந்தது அந்த இரண்டு நாள்தான். சொல்லிவிட்டால் அது என்னுடையதாக இருக்குமா என்று ஒரு பயம். ஆனாலும் கீரை உருவியவளின் குனிந்த தலை கண்ணில் நின்றது.

"தரங்கம்பாடி," என்றேன்.

"நீங்க போயிருக்கீங்களா?"

"கேள்விப்பட்டிருக்கறேன்."

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. மழையில் அச்சு காயாது, அச்சு காயாவிட்டால் பட்டறைக்கு லீவு. மழைக்காலத்தில் கடற்கரைக்கும் யாரும் வரமாட்டார்கள், ரூம் பாதி விலைக்குக் கிடைக்கும். எங்களைப் போன்றவர்கள் ஊர் சுற்ற அதுதான் சீசன். அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போயிருந்த நேரம், நாங்கள் மூவரும் கூடத்தில் உட்கார்ந்தோம். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் எழுதினேன். காலை ஆறு மணிக்கு ஸ்ரீமுஷ்ணம் வழியாகப் போகும் சிதம்பரம் பஸ். அங்கிருந்து சீர்காழி, அப்புறம் தரங்கம்பாடி. கோட்டைக்குப் பின் தெருவில் ரிட்டயரான நர்ஸம்மா வீட்டு மாடி ரூம். போர்வை நாமே கொண்டுபோக வேண்டும். முதல் நாளுக்குப் புளிச்சோறு கட்டிக்கொள்ளலாம். மறுநாள் கரையில் மீன் வாங்கிக் கொடுத்தால் அந்த அம்மாவே குழம்பு வைத்துத் தருவார்.

"கேள்விப்பட்டதுக்கே இவ்ளோ தெரியுதா அண்ணி?" என்றான் கொளஞ்சிநாதன். இளமதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்," என்றான். "கடலப் பாக்கப் போறோம்னா, கடலு எங்க ஓடிப்போவுதுன்னு கேக்கும். ஸ்ரீமுஷ்ணம் பெருமாளுக்கு நேர்ந்துக்கிட்டேன்னு சொல்லிடறேன். சாமி பேரச் சொன்னா தடுக்காது."

என் கை நின்றுவிட்டது. 1988இல் இவனுடைய அண்ணன் சொன்னதும் இதையேதான்.

கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கு மஞ்சள் காமாலை வந்து பிழைத்திருந்தார். அப்போதே நேர்ந்துகொண்டேன், இப்போது ஜோடியாகப் போய்ச் செய்ய வேண்டும் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு என்னை அழைத்துப் போனார். அத்தை அந்தப் பொய்யை நம்பினார். என் கணவர் இறந்த பதினாறாம் நாள், மகன் படத்துக்கு எதிரே உட்கார்ந்து அத்தை சாமியைத்தான் கேட்டார்: "உசுருக்கு நேர்ந்தான், வந்து செஞ்சும் முடிச்சான். அப்புறமும் எடுத்துக்கிட்டியே, நீயெல்லாம் சாமியா?" அன்றிலிருந்து அவர் ஸ்ரீமுஷ்ணம் போவதில்லை. அந்தப் பக்கத்து ஆள் பிரசாதம் கொடுத்தால் கையை நீட்டுவதில்லை. உண்மை தெரிந்தால் அந்தக் கோபம் பெருமாளை விட்டு என் மேல்தான் இறங்கும். நான் போக வேறு வீடும் கிடையாது. அதனால் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அதே பொய்யைச் சொல்லிவிட்டு அதே பஸ்ஸில் இவன் ஏறப்போகிறான். எனக்குச் சாமி பயம் அதிகம் கிடையாது. ஆனாலும் அவனை அப்படி அனுப்ப மனம் வரவில்லை.

"அதச் சொல்லாத," என்றேன்.

"ஏன் அண்ணி?"

"ஒங்க அண்ணனும் அதான் சொன்னாரு. நாங்க கோயிலுக்குப் போவல. ஸ்ரீமுஷ்ணத்துல பஸ்ஸு பத்து நிமிஷம் நின்னுது. எறங்குனா அடுத்த பஸ்ஸு மத்தியானம்தான், வரும்போது பாத்துக்கலாம்னாரு. வரும்போதும் எறங்கல. அத்தைகிட்ட குடுத்த துளசி நர்ஸம்மா வூட்டுச் செடியில பறிச்சது."

இளமதியின் முகம் மாறியதைப் பார்த்துத்தான் திரும்பினேன். வாசலில் அத்தை நின்றிருந்தார். இடுப்பில் குடம் நிறையத் தண்ணீர். இறக்கி வைக்காமல் அப்படியே நின்றார். பிறகு அடுப்படிக்குப் போய்க் குடத்தை வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டார்.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன். எழுந்திருக்கவில்லை. கொளஞ்சிநாதன் காலண்டர் தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். என் துணிகளை எந்தப் பையில் போடுவது என்றுகூட நான் யோசித்துவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அத்தை எழுந்து உட்கார்ந்தார்.

"எறங்கவே இல்லியா?"

"இல்லிங்க அத்தை."

"கும்புட்டானா?"

"ஜன்னல்லேர்ந்து கையெடுத்துக் கும்பிட்டாரு."

"எல்லாத்துக்கும் அவசரம் அவனுக்கு." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "மூணு வருஷம். நான் அந்தச் சாமிய வாயில வந்தபடி திட்டிக்கிட்டு இருக்கறேன். பக்கத்துலயே படுத்துக்கிட்டு நீ கேட்டுக்கிட்டு இருந்திருக்கற. இல்ல?"

தலையைக் குனிந்துகொண்டேன். இன்னும் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"அங்க என்ன சாப்ட்டான்?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. "அத்தை?"

"அந்த ஊருல. எம்புள்ள என்ன சாப்ட்டான்?"

"மீனு. சங்கரா மீனு. ரெண்டு தரம் கொழம்பு வாங்கி ஊத்திக்கிட்டாரு."

"கடல்ல எறங்குனானா?"

"முழங்கால் வரைக்கும்தான். பயம். அங்க கடலுக்குள்ள பாதி இடிஞ்சு விழுந்த சிவன் கோயிலு ஒண்ணு இருக்குது. அதக் காட்டி, பாத்தியா, கோயிலுக்குத்தான் வந்திருக்கறோம், அம்மாகிட்ட பொய் சொல்லலன்னாரு."

"நேந்தது பெருமாளுக்கு, கும்புட்டது சிவனுக்கு," என்றார் அத்தை. சிரிப்பைப் போல ஏதோ வந்து, பாதியிலேயே அழுகையாகிவிட்டது. நான் தொடவில்லை. தொட்டால் எழுந்து போய்விடுவாரோ என்றிருந்தது.

மறுநாள் விடியற்காலையில் கொளஞ்சிநாதனை அத்தையே எழுப்பினார். "கெளம்புடா. யாரு கேட்டாலும் கடலப் பாக்கப் போறோம்னே சொல்லு. சாமிய நடுவுல இழுக்காத." புளிச்சோற்றை நான் கட்டி வைத்திருந்தேன். என் மாமனாரும் உயிரோடு இல்லை. புறப்படுகிற ஜோடிக்கு எதிரே நாங்கள் இருவருமே வரக்கூடாதவர்கள். அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துகொண்டோம். திரை விலகுவதும், இளமதியின் கொலுசும், வாசல் கதவும் காதில் விழுந்தன.

இரண்டு நாளும் மழை விடவில்லை. நனைந்துகொண்டே திரும்பி வந்தார்கள். பையைக் கீழே வைக்கும் முன்பே, குடையைப் பஸ்ஸில் மறந்துவிட்டு வந்ததற்காக இளமதி அவனைத் தெருவுக்கே கேட்கும்படி திட்டினாள். அவனும் சத்தமாகவே பதில் சொன்னான். பிறந்த வீட்டுப் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

அத்தை கேட்பதை நிறுத்தவில்லை. எந்தச் சட்டை போட்டிருந்தான், மாடிப்படியில் தலை இடித்துக்கொண்டானா, யாரிடம் வழி கேட்டான். எனக்கு ஞாபகம் இருந்ததையெல்லாம் சொன்னேன். இரண்டே நாள், எவ்வளவு இருக்கும்? நான்கு மத்தியானத்தில் தீர்ந்துவிட்டது. ஐந்தாம் நாள், "அவ்வளவுதாங்க அத்தை," என்றேன்.

"பரவால்ல, மொதல்லேர்ந்து சொல்லு."

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆரம்பித்தேன். சீர்காழி வந்ததும் அத்தை கையைக் காட்டி நிறுத்தினார்.

"பூக்காரிகிட்ட பேரம் பேசி மல்லி வாங்கித் தந்தானே, அத உட்டுட்டியே."