மேசையில் சிவந்த தட்டு

அந்தத் திங்கட்கிழமை காலை எங்கள் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: நான், முன்னறையில் உட்கார்ந்து வரும் மாதிரிகளைப் பதிவு செய்யும் என் தம்பி, கிருமிகளை வளர்த்துப் பார்த்து அறிக்கையில் கையெழுத்திடும் அவன் மகள், கண்ணாடிச் சாமான்களையும் கிருமி வளர்த்துப் பார்த்து முடித்த தட்டுகளையும் பிரஷர் குக்கர் மாதிரியான ஆட்டோகிளேவில் வேகவைக்கும் அம்மாள். இவளை எல்லோரும் குக்கரக்கா என்போம். பத்து மணிக்கு எதிர்ச்சாரி மருத்துவமனையிலிருந்து தொற்றுத் தடுப்பு நர்ஸ் வந்து சேர்ந்தார். ஆக ஐந்து பேர். ஆறாவது ஆள் கிடையாது. இதை முதலிலேயே எழுதிவைக்கக் காரணம், அன்று அங்கே இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள்.

விஷயம் இது. மருத்துவமனையின் அறுவைப் பிரிவில் ஒரே வாரத்தில் மூன்று பேருக்குக் காய்ச்சல். மூவரின் ரத்தத்திலும் ஒரே மாதிரி பாக்டீரியா வளர்ந்தது. அந்தப் பிரிவுக்குப் போய் ரத்தம் எடுத்தவள் தம்பி மகள். எங்கள் அலமாரியில் முப்பது வருடமாக நான் ஒரு சிவப்புக் கிருமியை வளர்த்துவருகிறேன் என்பது எல்லோருக்கும் தெரியும். மாணவர்கள் பார்க்க வந்தால் தட்டில் அதைக் கொண்டு ஒரு பூ வரைவேன். இரண்டு நாளில் அது ரத்தச் சிவப்பாக மலர்ந்துவிடும். அங்கேயிருந்துதான் கிருமி வார்டுக்குப் போயிருக்கும், அந்தப் பெண்தான் கையோடு கொண்டுபோயிருப்பாள் என்று யாரோ வாயைத் திறந்துவிட்டார்கள்.

சனிக்கிழமை மருத்துவமனை எழுத்து மூலம் விளக்கம் கேட்டது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்: நோயாளிகளிடம் வளர்ந்தது வெள்ளை, எங்களிடம் இருப்பது சிவப்பு, இரண்டும் ஒன்றல்ல. மற்ற சோதனைகள் முடிய இரண்டு நாள் இருந்தது.

"திங்கக்கிழமை வரைக்கும் பொறுக்கலாமே பெரியப்பா."

"நம்ம பேரு நாற ரெண்டு நாள் தாராளமா போதும். போடு கையெழுத்தை."

போட்டாள்.

எங்கள் கூடத்தில் நான் வைத்த விதி ஒன்று உண்டு. பார்த்து முடித்த தட்டு அன்றே ஆட்டோகிளேவுக்குள் போய்விட வேண்டும். அந்தச் சனிக்கிழமை குக்கரக்கா பல்வலி என்று மதியமே கிளம்பிவிட்டாள். முப்பத்தேழு டிகிரி இன்குபேட்டரிலிருந்து எடுத்த தட்டுகள் ஞாயிறு முழுக்க மேசையிலேயே கிடந்தன.

திங்கட்கிழமை நான் உள்ளே நுழைந்தபோது தம்பி மகள் ஒரு தட்டைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்திருந்தாள்.

"அக்கா, இந்த பிளேட்டை நீங்க தொட்டீங்களா?"

"என் பல்லையே என்னால தொட முடியல, உன் பிளேட்டை எங்க தொட?" என்றாள் குக்கரக்கா.

நான் வாங்கிப் பார்த்தேன். சனிக்கிழமை பால்நிறத்தில் இருந்த புள்ளிகள் ஓரத்திலிருந்து சிவக்கத் தொடங்கியிருந்தன. அடியில் எழுதியிருந்தது வார்டு நோயாளியின் எண். மற்ற இரண்டு தட்டுகளும் அப்படியே. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது பத்து. நர்ஸ் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

எனக்குக் கால் தரிக்கவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். அவள் இரண்டு ஸ்லைடு எடுத்தாள். ஒன்றில் வார்டுக் கிருமி, ஒன்றில் என் சிவப்பு. சூடு காட்டி, ஊதாச் சாயம் விட்டு, கழுவி, ரோஸ் சாயம் விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். என்னைப் பார்க்கச் சொன்னாள். இரண்டிலும் குட்டையான ரோஸ் குச்சிகள்.

"கிருமியோட சுவரும் ஒரே மாதிரிதான் பெரியப்பா. மெல்லிசான சுவர், அதுக்கு வெளியில இன்னொரு சவ்வு. கழுவினதும் ஊதா ஓடிப்போயிடுது."

"ரோஸ் குச்சி உலகத்துல ஆயிரம் இருக்கு."

"இருக்கு. இப்படிச் சிவக்கிறது ஆயிரம் இல்லையே."

தம்பி முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்தான். "சனிக்கிழமை வெள்ளை, இன்னிக்குச் சிவப்பா? என்ன, பச்சோந்தி வளர்க்கிறோமா?"

"சிவப்புச் சாயம் பண்ற ஜீன் எப்பவும் உள்ளேயே இருக்குப்பா. உடம்புச் சூட்டுல கிருமி அந்தப் பக்கத்தைப் படிக்கிறதே இல்ல, மூடி வெச்சிடும். சூடு குறைஞ்சாதான் திறந்து படிக்கும், சாயம் பண்ணும். நாம முப்பத்தேழுல வளர்த்துப் பார்த்தோம். வெள்ளைன்னு எழுதிட்டோம்."

இது எனக்குத் தெரியாததில்லை. படிக்கிற காலத்தில் பரீட்சைக்கே எழுதியிருக்கிறேன். ஆனால் என் சிவப்பை நான் எப்போதும் அலமாரியின் குளிர்ச்சியில்தான் வளர்த்தேன். நோயாளிகளின் தட்டுகளை விதிப்படி அன்றன்றே வேகவைத்தேன். வெள்ளை சிவப்பாவதை முப்பது வருடத்தில் ஒரு முறைகூடக் கண்ணால் பார்க்க நானே இடம் வைக்கவில்லை.

ஒன்பது நாற்பது. தெருவைக் கடந்து யார் வந்தாலும் நர்ஸ் மாதிரியே தெரிந்தது. நான் கதவைச் சாத்தினேன்.

"குக்கர்ல போட்டுடு" என்றேன். "விதிப்படி பார்த்தா அந்த பிளேட்டெல்லாம் சனிக்கிழமையே போயிருக்கணும். இப்ப மேசையில இருக்கவே கூடாது."

குக்கரக்கா மூன்றையும் கம்பிக் கூடையில் அடுக்கிக் கையில் எடுத்தாள். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் மகள் விஷயத்தில்கூட என்னை எதிர்த்து அவன் வாய் திறந்ததில்லை.

"வேணாம் அக்கா" என்றாள் மகள்.

"போடுன்னு சொல்றேன்."

"போடவா வேணாமா, யாராவது ஒருத்தர் சொல்லுங்க. கூடை கனக்குது."

"பெரியப்பா, அந்தக் கடுதாசியில இருக்கிறது என் கையெழுத்து."

"உன் கையெழுத்தா? அது குடும்பத்துக் கையெழுத்துடி. வெளியில போர்டுல இருக்கிறது யார் பேரு?"

"அப்போ குடும்பமே தப்பா எழுதியிருக்கு" என்றாள். கூடைக்குள் கைவிட்டு ஒரு தட்டை எடுத்து மேசையின் நடுவில் வைத்தாள். பிறகு மற்ற இரண்டையும். என் பேச்சை என் எதிரிலேயே மறுத்து அந்தக் கூடத்தில் யாரும் ஒரு காரியம் செய்ததில்லை.

கதவு தட்டப்பட்டது.

"சாத்திட்டு என்ன பண்றீங்க சார்? உட்காரவாவது சொல்லுவீங்களா, நிக்க வெச்சே அனுப்புற உத்தேசமா?" என்று நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்தார். மேசையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"சிஸ்டர், சனிக்கிழமை குடுத்த கடுதாசியைத் திருப்பி வாங்கிக்கிறேன். வெள்ளையா இருக்கிறதால வேறன்னு எழுதினேன். அந்தக் காரணம் தப்பு. இது உங்க வார்டு பிளேட்" என்றாள் தம்பி மகள்.

"அப்போ உங்க சிவப்புதான் எங்க பேஷன்ட்டுக்கு வந்துச்சா?"

"தெரியாது. வரலன்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல. அலமாரியில எங்க சிவப்பு வளர்ற குழாயையும் எடுத்துட்டுப் போங்க. நாங்க பார்க்கிறது முறையில்ல, வேற லேப்ல பார்க்கட்டும்."

நர்ஸ் என்னைப் பார்த்தார். அலமாரியின் சாவி என் இடுப்பில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

பதினோரு நாள். மருத்துவமனை மாதிரிகள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. முன்னறை மணி அடித்தால் நான்தான் முதலில் எழுந்து போனேன். தபால்காரர், தண்ணீர்க் கேன் போடுபவர், வழி கேட்டு வந்த ஒருவர். தம்பி மகள் காலியான இன்குபேட்டரைத் துடைத்தாள், மறுநாளும் துடைத்தாள். "அதுக்கும் தோல் உரிஞ்சிடப்போகுது" என்றாள் குக்கரக்கா. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் நர்ஸே வந்தார். வார்டில் கை கழுவும் தொட்டிமேல் இருந்த சோப்புப் புட்டியில் அதே கிருமி. தீரத் தீரப் புட்டியைக் கழுவாமலேயே மேலுக்கு ஊற்றியிருக்கிறார்கள். வெளியே பெரிய பரிசோதனைக் கூடம் ஒன்றில் மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்ததில் நோயாளிகளுடையதும் புட்டியிலிருந்ததும் ஒன்று. என் சிவப்பு அதே இனம்தான், ஆனால் வேறு வம்சம். நோயாளிகள் மூவரும் தேறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறுவாரமே மாதிரிப் பெட்டிகள் திரும்ப வரத் தொடங்கின. அறிக்கைகளில் அவள் கையெழுத்தே வேண்டும் என்று மருத்துவமனை எழுதிக் கேட்டிருந்தது.

இப்போது ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. பெண் பயந்துபோய்த் தட்டுகளை வேகவைத்து மறைக்கப் பார்த்தாளாம். நேர்மைக்குப் பேர்போன பெரியப்பா தடுத்து, குடும்ப மானத்தைக் காப்பாற்றினாராம். போன மாதம் ஒரு கல்யாணத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டே ஒருவர் இதைச் சொன்னார்.

அது பொய். வேகவைக்கச் சொன்னவன் நான். தடுத்தவள் அவள்.