மேயர் தோண்டிய குழி

எங்கள் திரோல் மலையூரில் பனிச்சரிவுக் குழு என்று ஒன்று உண்டு. சறுக்க ஆள் விடலாமா, பனி சரிந்து ஆளை மூடுமா என்று கை தூக்கி முடிவுசெய்யும் ஐந்து பேர்: மேயர் கெப்ஹார்ட், ரோப் கார் மேலாளர், இரண்டு ஓட்டல்காரர்கள், நான். சீசன் திறப்புக்கு முதல் நாள் பனியைச் சோதிக்க மேலே போனோம். வடக்குச் சரிவைத் திறந்தால், விடியலில் அதன் அடியில் வண்டியோட்டிப் பாதையைச் சமன் செய்யவேண்டியவன் என் தம்பி வெண்டலின்.

மேயர் குழி தோண்டியது வெயில் அடிக்கும் தெற்குச் சரிவில். சாசேஜ் கடை பக்கம், புகைப்படக்காரருக்கும் வசதி. வெட்டி நிறுத்திய பனித்தூணின் தலையில் மண்வாரியை வைத்துத் தட்டினார். முதலில் மணிக்கட்டால், அப்புறம் முழங்கையால், கடைசியில் தோளிலிருந்து. தூண் வழுக்கினால் சரிவு ஆபத்து என்று அர்த்தம்; அது அசையவில்லை. பனியைப் பெற்றுப்போட்டதே தான்தான் என்பதுபோல் நிமிர்ந்தார்.

"இங்க அக்டோபர் பனி எப்பவோ உருகிடுச்சு கெப்ஹார்ட். வடக்குல அது உருகாம அடியில சர்க்கரையா உதிர்ந்து கெடக்கு. நேத்து கொட்டினது பூரா அது மேலதான் உக்காந்திருக்கு. அங்க தோண்டு," என்றேன்.

"நொட்புர்கா, நீ பனியையும் நம்பமாட்ட, மனுஷனையும் நம்பமாட்ட. அதான் தனியா இருக்க."

ஓட்டல்காரர்கள் சிரித்தார்கள். நான் போய் வடக்கு ஓரத்தில் தோண்டினேன். தட்டவே வேண்டியிருக்கவில்லை, வெட்டி முடிப்பதற்குள் தூண் வழுக்கி என் காலடியில் விழுந்தது. கூப்பிட்டேன். மேலாளர் மட்டும் வந்து எட்டிப் பார்த்தார். "ஒரு குழிதானே," என்றார்.

திறக்கலாம் என்று நான்கு கைகள் உயர்ந்தன.

"சரி," என்றேன். "வருஷா வருஷம் கழுத்துல பதவிச் சங்கிலி மாட்டிக்கிட்டு முதல் சறுக்கு மேயருதுதானே. நாளைக்கு வடக்குல போ. வெண்டலின் வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி. நீ கீழ வந்து சேரு, நானும் கை தூக்கறேன்."

அன்று முதல்முறையாக மேயர் வடக்குச் சரிவைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு நாளா முழங்கால் சரியில்ல," என்றார். பக்கத்திலிருந்த ஓட்டல்காரரைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கற? எனக்கு அடுப்படியில வேலை கெடக்கு."

மறுபடி கை தூக்கினோம். மூடுவதற்கு ஐந்து பேர்.

மாலை வானொலியில் மேயரின் தொலைநோக்கைப் புகழ்ந்தார்கள். வெண்டலின் போன் செய்தான்.

"நாளைக்கு வேலையில்லயாம்க்கா. நல்ல மனுஷன், நம்மள யோசிச்சிருக்கான் பாரு. பாத்தா நன்றி சொல்லிடு."

நான் போனை வைத்துவிட்டேன்.