‘இந்தாங்க, கேக்குதா?’ என்றாள் கப்டன்

1.

மனிதகுலம் தன் கடைசி யுத்தத்தை நடத்தி முடித்த கதை இது. இதற்குப் பிறகு எவரும் யுத்தக் கதை எழுதவேண்டிய தேவை இருக்காது.

இந்த இரண்டு வரிகளையும் ஆசிரியர் எழுதியது, கொடகவெலைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் புள்ளக்காம்பராவில். தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அறை அது. தோட்டத்தில் ஆடாத மேசை அங்கேதான் இருந்தது. மூன்றாவது வரியைத் தொடங்குமுன் பக்கத்துத் தொட்டில் நனைந்துவிட்டது.

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். 2002 தை மாதம் பெய்ரூட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் சுகந்தினி, ஆசிரியரின் மனைவி. அங்கே ஒரு வீட்டில் வேலைக்குப் போய் இரண்டு வருஷம் முடியப் போகிறது. “பங்குனி முடியிறதுக்குள்ள மேடம் பதில் கேக்கிறாங்க. வரவா, இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வைக்கவா? நீங்க சொன்னாச் சரி” என்று எழுதியிருந்தாள். அதைப் படித்த அன்று பிற்பகல்தான் ஆசிரியருக்கு நெப்டியூன் பக்கம் ஒரு யுத்தம் தோன்றியது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அவர் சொல்கிறார்.

(‘ஆசிரியர்’ என்று மூன்றாம் ஆளாக எழுதுவதை அடக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ‘நான்’ என்று போட்டால், மனைவிக்குப் பதில் எழுதாமல் கதை எழுதுகிறவன் நான் என்று ஆகிவிடும். அதோடு, தோட்டப் பள்ளிக்கூடத்தில் இந்த இராமசாமி சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியர். நிரந்தர நியமனக் கடிதம் கொழும்பிலிருந்து இந்தா வருகிறது என்று ஏழு வருஷமாகச் சொல்கிறார்கள். கையில் இருப்பது இந்தச் சொல் ஒன்றுதான். அதை இங்கேயாவது போட்டுப் பார்க்கலாம்.)

2.

முதல் தொடக்கம்: கி.பி. 3017. நெப்டியூனின் நிலவொன்றில் கப்டன் வஜ்ரவேலன் தன் லேசர் துவக்கை ஏந்தியவாறு, இமைக்காத விழிகளால் அண்டத்தை—

விட்டுவிட்டார். இமைக்காத விழிகளால் எவ்வளவு நேரம்தான் பார்ப்பது?

யுத்தத்தை ஏன் அவ்வளவு தூரத்தில் கொண்டுபோய் வைத்தார் என்று கேட்கலாம். பூமியில் வைத்தால் நீ எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். நாலு புறமும் சிங்களக் கிராமங்கள் இருக்கிற தோட்டத்தில் உட்கார்ந்து தமிழில் யுத்தம் எழுதுகிறவர், நெப்டியூனுக்கு இந்தப் பக்கம் வராமலிருப்பது உடம்புக்கு நல்லது.

கதை இவ்வளவுதான். ஒரு நிலவுக்காகச் சுரங்க முதலாளிகள் இரண்டு கூட்டமாக அடித்துக்கொள்கிறார்கள். ஒரு கூட்டம் இருபத்துமூன்று பேர் கொண்ட கூலிப்படையை இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் அங்கே இறக்குகிறது. ஒப்பந்தம் முடிகிற நேரம் பார்த்து முதலாளிமார் சமாதானமாகிவிடுகிறார்கள். கைகுலுக்குகிறார்கள், விருந்து சாப்பிடுகிறார்கள். மலைமுகட்டைக் காத்து நிற்கிற இருபத்துமூன்று பேரைத் திருப்பி ஏற்ற வேண்டிய கப்பல் மட்டும் வரவில்லை.

3.

முதல் வாசகி செலினா. புள்ளக்காம்பராவின் ஆயா. அவளை வாசகியென்று ஆசிரியர் தேர்ந்தெடுக்கவில்லை, மேசை அவளுடையது.

‘கூலிப்படை’ என்று ஆசிரியர் வாசித்ததும் நிறுத்தச் சொன்னாள். அந்தப் படையில் எத்தனை பேர் கொழுந்தெடுப்பார்கள், எத்தனை பேர் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவார்கள் என்று கேட்டாள். கூலி என்பது அவளுடைய பிறப்புச் சான்றிதழில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் இருக்கிற சொல். அதற்குத் துவக்கு எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சொந்த நாடு என்று ஒன்றில்லாமல் காசுக்காக அடுத்தவன் மண்ணில் நிற்கிற ஆட்களைத்தான் அப்படிச் சொல்வது என்று விளக்கினார்.

“அதத்தானே மாஸ்டர் நானும் சொல்றேன்” என்றாள் செலினா. “பெரட்டு* எத்தன மணிக்கு?”

* பெரட்டு: விடியக்காலையில் ஆட்களை நிறுத்தி, பேர் கூப்பிட்டு, வேலைக்குப் பிரித்துவிடும் இடம். அது ‘பரேட்’ என்ற பட்டாளத்துச் சொல் தேய்ந்து வந்தது என்று ஆசிரியர் அன்றைக்கே கண்டுபிடித்தார். நூற்றைம்பது வருஷமாக நாம் அணிவகுத்திருக்கிறோம், துவக்கு மட்டும் தரவில்லை என்று எழுந்து நின்று அறிவித்தார். “அப்ப நம்மளும் பட்டாளமா? ஹரி ஷோக்” என்று சிங்களத்தில் மெச்சிவிட்டு செலினா பால்மாக் கரைக்கப் போனாள்.

4.

ஆனால் பெரட்டு கதைக்குள் வந்துவிட்டது. முதலாளிகளே கைவிட்ட நிலவில், அந்த இருபத்துமூன்று பேரும் தினமும் வரிசையில் நிற்கிறார்கள். பேர் கூப்பிட யாருமில்லை. ஆனாலும் நிற்காவிட்டால் அன்றைய சம்பளத்துக்குத் தங்கள் பேர் விழாது என்ற பயம். ஆசிரியர் எழுதியதிலேயே நல்ல பக்கம் அதுதான். அதற்கான புகழை அவர் செலினாவுடன் பங்கிட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் பக்கத்தில் வஜ்ரவேலன் ஒட்டவில்லை. வீட்டில் காத்திருக்க ஆளில்லாதவனுக்குக் கப்பல் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? அவன் பேரை அடித்துவிட்டுக் கப்டனைப் பெண்ணாக்கினார். அவள் வானொலிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து முதலாளிகளை அழைக்க வேண்டும்.

“மேன்மை தங்கிய கூட்டமைப்பே—”

இல்லை.

“தலைமை நிலையம், தலைமை நிலையம், எங்கள் குரல்—”

இதுவும் இல்லை. பேனா தானாக எழுதியது:

“இந்தாங்க, கேக்குதா?”

ஆசிரியர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

[இங்கே யுத்தம் சற்று நிற்கிறது. ஆசிரியரைத் தோட்டத்தில் மாஸ்டர் என்பார்கள். கடைத்தெருவில் சார் என்பார்கள், சிங்களக் கடைக்காரர் மஹத்தயா என்பார். இந்தாங்க என்று கூப்பிட்டது ஒரே ஆள்தான். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலிருந்து கூப்பிடுவாள், விறகுக் கட்டோடு ஏற்றத்தில் நின்று கூப்பிடுவாள், பக்கத்தில் படுத்துக்கொண்டே, அவர் எங்கோ தொலைவில் இருப்பதுபோலவும் கூப்பிடுவாள். கடைசியாகக் கூப்பிட்டது பஸ் ஜன்னலிலிருந்து. “இந்தாங்க, கதவுக் கொண்டி ஆடுது, பாத்துக்கங்க” என்றாள். அதைவிடப் பெரிதாக ஏதாவது சொல்வாள் என்று பஸ் வளைவில் திரும்பும்வரை நின்றார். இப்போதும் யாராவது லயத்து வீட்டு வரிசைப் பக்கம் வேறு யாரையோ அப்படிக் கூப்பிட்டால், இவர் தலை திரும்பிவிடுகிறது. திரும்பியபின், ஏதோ கொசுவை விரட்டியதுபோல் கையை ஆட்டிச் சமாளிப்பார். யுத்தம் தொடர்கிறது.]

5.

துரோகிகள் என்றால் பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்று ஆசிரியர் நினைத்தார். தலைமை முதலாளிக்கு இரும்புப் பல் வைத்தார், சுருட்டு வைத்தார், ஒற்றைக் கண்ணாடி வைத்தார். செலினாவுக்கு இரும்புப் பல் பிடிக்கவில்லை. அவளுக்கு வேறு சந்தேகம். அந்தக் கப்டனம்மா கூப்பிடுவது முதலாளிமாருக்குக் கேட்கிறதா, கேட்கவில்லையா?

கேட்கிறது என்றார் ஆசிரியர்.

கப்பல் இருக்கிறதா?

இருக்கிறது.

“அப்பறம் என்னத்துக்கு அனுப்பல?”

ஆசிரியர் யோசிக்காமல் சொன்ன பதிலை யோசித்தபின் எழுதியிருக்கவே மாட்டார். அனுப்பும்போது ரெண்டே வருஷம், அதற்குள் இங்கே எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லித்தான் அவர்களை ஏற்றிவிட்டார்கள் என்றார். இங்கே ஒன்றும் சரியாகவில்லை. வரவேண்டிய கடிதம் கொழும்பிலிருந்து வரவில்லை. இப்போது கப்பலை அனுப்பினால், இறங்கி வந்து பார்ப்பார்கள். எல்லாம் போட்டது போட்டபடி இருக்கும்.

நெப்டியூனுக்குக் கொழும்பிலிருந்து என்ன கடிதம் வரும் என்று செலினா கேட்கவில்லை. ஒரு பிள்ளையின் துணியை மாற்றி, ஊக்கைக் குத்தி முடித்தபின், நிமிராமலே சொன்னாள்.

“கெட்ட ஆளுக இல்ல மாஸ்டர். வெக்கம் புடிச்ச ஆளுக.”

இரும்புப் பல் அடிக்கப்பட்டது. சுருட்டும் போயிற்று.

6.

முடிவுகள்.

(அ) கப்பல் வருகிறது. கதவு திறக்கிறது. ஒற்றைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கப்டன் முதல் ஆளாக இறங்கி, கூட்டத்தில் யாரையோ தேடி, இந்—

இதை முடிக்க முடியவில்லை. எழுத்து சரியாகத் தெரியவில்லை. மழை இருட்டு என்று வைத்துக்கொள்வோம்.

(ஆ) கப்பல் வரவில்லை. கப்டன் எதிரிக் கூட்டத்திடம் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வைக்கிறாள். ஆசிரியர் இந்தக் கதையை அனுப்பவிருக்கும் கொழும்புப் பத்திரிகைப் போட்டியில் பரிசு கிடைப்பதானால் இதற்குத்தான் கிடைக்கும். கச்சிதமாக இருக்கிறது. இதை எழுதிவிட்டு ஆசிரியர் இரண்டு நாள் புள்ளக்காம்பரா பக்கம் வரவில்லை.

(இ) ஒருநாள் பெரட்டில் கப்டனே பேர் கூப்பிடுகிறாள். இருபத்திரண்டு பேரையும் கூப்பிட்டு முடித்தபின்தான், தன் பேரைக் கூப்பிட ஆளில்லை என்று—

போதும். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் நீங்களே ஒன்று வைத்து முடியுங்கள். ஆசிரியர் கோபிக்க மாட்டார். கப்டன் காத்திருப்பாள். அவள் கடதாசி. பெய்ரூட்டில் இருப்பவள் கடதாசியில்லை, பங்குனி முடிய இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. வெளிநாட்டுக் கடிதத்தாள் ஒன்றைக் கொடகவெலையில் வாங்கி வந்தாயிற்று. அதில் தேதி மட்டும் எழுதியிருக்கிறது.

அவளுடைய கடிதத்தின் கடைசி வரியை மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். “பதில இந்தத் தடவ செலினாக்காகிட்ட எழுதக் குடுக்காதீங்க” என்று இருக்கிறது.

இதுவரை என் பேரில் போன பதினொரு கடிதங்களையும் செலினாதான் எழுதினாள்.