கட்டைவிரல் விழும் இடம்

அண்ணன் மோட்டாருக்குக் கம்பி சுற்றும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. மனசுக்குள் எண்ணிக்கொண்டே சுற்றுவார். எண்ணிக்கை தப்பினால் அத்தனையையும் அவிழ்க்க வேண்டும். அந்தப் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் நான் மோட்டார் தூக்கினேன். தோள்மூட்டு கழன்ற பிறகு எதுவும் தூக்க முடியவில்லை. மனைவி சம்பாத்தியத்தில் சாப்பிட்டுக்கொண்டு, மோட்டார் ரிப்பேருக்கென்றே ஒரு இணையதளம் தொடங்கினேன்.

சரக்கு முழுக்க அண்ணனுடையது. பழுதான மோட்டாரின் சத்தத்தைப் பதிவு செய்து போடுவேன்; எந்தச் சத்தத்துக்கு என்ன கோளாறு என்று அவர் சொல்வதைக் கீழே எழுதுவேன். முதலில் "மின்னழுத்தக் குறைபாடுகள்" என்றெல்லாம் தலைப்பு வைத்தேன். நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. பிறகு பட்டறைக்கு வருகிறவர்கள் புலம்புவதையே தலைப்பாக்கினேன்: "மோட்டார் உறுமுது, தண்ணி வரல." நாளுக்கு இருபது பேர் வந்த இடத்தில் இரண்டாயிரம் பேர் வந்தார்கள். எல்லாரும் கைவேலைக்காரர்கள். வந்தார்கள், சத்தம் கேட்டார்கள், போனார்கள். விளம்பரத்தை ஒருத்தரும் தொடவில்லை. தொட்டால்தான் எனக்குக் காசு.

ஒரு மதியம் கைபேசியைத் துடைத்து அண்ணனிடம் நீட்டினேன்.

"டெஸ்ட்டுண்ணே. 'அடுத்த பக்கம்'னு இருக்குல்ல, அதைப் பத்து தடவை அமுக்கு."

"டெஸ்ட்டா? பள்ளிக்கூடத்துலயே தேறாதவன்டா நான்." சிரித்துக்கொண்டே அமுக்கினார்.

வாங்கிப் பார்த்தேன். திரையில் கிரீஸ் கறை. காய்ப்பேறிய அந்தக் கட்டைவிரல் பாதி பட்டன் மேலும் பாதி அதற்குக் கீழேயும் விழுந்திருந்தது. கறை இருந்த இடத்துக்கு நேராக விளம்பரத்தை நகர்த்தினேன். அந்த மாதமே வருமானம் மூன்று மடங்கானது. அண்ணனுக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தேன். வருகிறவர்களிடமெல்லாம், "தம்பி சம்பாத்தியம்" என்று அதைக் காட்டினார்.

பள்ளிக்கூடத்துத் தலைமை டீச்சர் ஒரு மோட்டாரோடு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். பள்ளியில் இன்னும் நாலு மோட்டார் இருப்பதாகச் சொன்னார். அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பேரிங்தாம்மா போயிருக்கு. இதே சத்தம் தம்பியோட வெப்சைட்டுல இருக்கு, கேளுங்க."

கைபேசியை டீச்சர் முகத்துக்கு நேரே பிடித்து அமுக்கினார். திரை முழுக்க அரைகுறை உடையில் ஒரு பெண். 'தனிமையில் இருக்கிறேன், பேசலாமா?' எந்த விளம்பரம் வரும் என்பது என் கையில் இல்லை. எங்கே வரும் என்பது என் கையில்தான் இருந்தது.

"ஐயோ அம்மா, நான் இல்ல..." பதறி மறுபடி அமுக்கினார். இன்னொரு பெண் வந்தாள்.

டீச்சர் எழுந்துவிட்டார். "பரவால்ல. நான் வேற இடத்துல பாத்துக்கறேன்." மோட்டாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

பக்கத்துப் பட்டறையில் லேத்து ஓட்டுகிறவர் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, தனிமையா? என்கிட்ட சொல்லியிருந்தா நானே வந்து பேசியிருப்பேன்ல!"

நான் ஸ்பானரை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பானர்.

வீட்டுக்குப் போனதும் விளம்பரத்தைப் பக்கத்தின் அடிக்குத் தள்ளினேன். அது போதும் என்று நினைத்தேன். மறுநாள் காலை பட்டறைக்குப் போனால், அண்ணன் உப்புத்தாளால் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தோல் சிவந்திருந்தது.

"உணர்ச்சியே செத்துப்போச்சுடா. எங்க படுதுன்னே தெரியல. அந்தம்மா என்ன நினைச்சிருப்பாங்க?"

"வெரலைத் தேச்சா வயசு குறையுமா மாப்ள?" என்றார் லேத்துக்காரர்.

அண்ணன் கம்பி சுற்ற உட்கார்ந்தார். இனிப் பேசக் கூடாது. எனக்கு அது வசதியாக இருந்தது. வசதியாக இருக்கிறது என்று தெரிந்ததும்தான் வாயைத் திறந்தேன்.

"அண்ணே."

கையை உயர்த்தித் தடுத்தார்.

"வெரல் மேல தப்பு இல்லண்ணே. நான்தான் விளம்பரத்தை அங்க வச்சேன்."

கம்பி நின்றது.

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சேதான்."

"அன்னைக்கு டெஸ்ட்டுன்னு குடுத்தியே..."

"அதுக்குத்தான்."

லேத்து ஓட்டம் நின்றது. அண்ணன் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சுற்றிய கம்பியை அவிழ்க்க ஆரம்பித்தார். சிவந்த விரலில் கம்பி உரசும்போதெல்லாம் முகம் சுளித்தார். முழுக்க அவிழ்த்த பிறகு சுவரைக் காட்டினார். டீச்சர் வந்தவுடன் கொடுத்த நம்பர் சாக்பீஸில் எழுதியிருந்தது.

"என்கிட்ட சொல்லி என்னடா ஆகப்போகுது? அவங்ககிட்ட சொல்லு. இங்கயே நின்னு சொல்லு."

நம்பரை அடித்தேன். மணி போனது.

"யாரு பேசறது?"

"மோட்டார் பட்டறையிலேர்ந்து, மேடம். நேத்து... அந்தக் கைபேசி... அவரோட தம்பி பேசறேன்."

முதுகுக்குப் பின்னால் அண்ணன் மறுபடி கம்பி சுற்றி எண்ணத் தொடங்கினார். இந்தத் தடவை சத்தமாக.